முடித்தவர் அனைவரும் ஒரே பட்டியலில்: முத்திறன் போட்டியின் வரலாறும் ஆழிக்குமரன் ஆனந்தனும்



நீச்சல், மிதிவண்டியோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் விளையாட்டினை டிரையத்லான் என்பர். தமிழில் இதனை முத்திறன் போட்டி என்று வழங்கலாம். இதன் முழு நெடுந்தொலைவு வடிவத்தில் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். பின்னர் 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். அதன் பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். அனைத்தையும் பொதுவாக 17 மணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும்.

இவ்வெண்கள் மாணவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. பொங்கோல் வட்டாரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு இவ்வாறு கூறலாம். 50 மீட்டர் நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 76 முறை நீந்துதல் முதற்பகுதி. பொங்கோலையும் செங்காங்கையும் சுற்றிச் செல்லும் 26 கிலோமீட்டர் வடகிழக்கு ஆற்றோர வளையப் பாதையை ஏறத்தாழ 7 முறை மிதிவண்டியில் வலம் வருதல் இரண்டாம் பகுதி. 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள பொங்கோல் நீர்வழியை ஒட்டி 10 முறை ஓடுதல் மூன்றாம் பகுதி. இத்தனையும் ஒரே நாளில்!

உலகெங்கும் இதனை முடிப்போரில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். பகலில் அலுவலகப் பணியும் மாலையில் வீட்டுப் பணியும் பார்த்து, எஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்பவர்கள். வெற்றிக் கோப்பை தமக்குக் கிட்டாது என்பதை அறிந்தே அவர்கள் தொடக்கக் கோட்டில் நிற்கின்றனர். வெல்ல இயலாது என்று தெரிந்த போட்டியில் ஒருவர் ஏன் ஓராண்டு உழைப்பைச் செலவிட வேண்டும்? இவ்விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது. அவ்வரலாற்றின் அருகிலேயே, ஈழத்துத் தமிழர் ஒருவரின் வாழ்க்கையும் நின்று நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது.

1. ஒரு விருந்தில் எழுந்த வாக்குவாதம்

மூன்று விளையாட்டுகளை ஒரே போட்டியில் இணைக்கும் வழக்கம் 1920களில் பிரான்சில் இருந்தது. ஆயினும், இன்று நாம் அறிந்த முத்திறன் போட்டி 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலுள்ள மிஷன் பே பகுதியில் பிறந்தது. ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானகன் என்னும் இருவர், தங்கள் ஓட்டக் குழுவின் பயிற்சியில் ஒரு மாறுதலாக இதனை ஏற்பாடு செய்தனர். 46 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியும் அவர்தம் துணைவியார் ஜூடியும் இருந்தனர்.

காலின்ஸ் பின்னர் ஹவாய்க்குப் பணிமாற்றம் பெற்றார். 1977ஆம் ஆண்டு அங்கு நடந்த தொடரோட்டப் போட்டி ஒன்றின் பரிசளிப்பு விருந்தில் வாக்குவாதம் எழுந்தது. ஓட்டக்காரர்கள் உடல் வலிமை மிக்கவர்களா, நீச்சல்காரர்களா என்பதே வினா. பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸின் உடலே மற்றெவரையும் விட மிகுதியான ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றல் பெற்றது என ஓர் இதழில் படித்திருந்த காலின்ஸ், மிதிவண்டி வீரர்களையும் விவாதத்திற்குள் இழுத்தார். முடிவு காண அவர் சொன்ன வழி மிக எளியது. வைக்கீக்கி கடல் நீச்சல், ஒவாகு தீவைச் சுற்றும் மிதிவண்டிப் போட்டி, ஹொனலுலு நெட்டோட்டம் என அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளையும் ஒரே நாளில் கோத்துவிடுதல். முதலில் முடிப்பவரை 'இரும்பு மனிதர்' என்று அழைப்போம் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

மிதிவண்டிப் போட்டியின் தொலைவு 115 மைல். நீச்சல் முடியும் இடத்தில் தொடங்கி நெட்டோட்டம் தொடங்கும் இடத்தில் முடிய வேண்டுமானால் 3 மைல் குறைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 112 மைல், அதாவது 180 கிலோமீட்டர், என்னும் எண் வந்தது. இன்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் இவ்வளவுகளை எந்த அறிவியல் ஆய்வும் வகுக்கவில்லை. ஒரு தீவின் சாலை அமைப்பே வகுத்தது!

1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடங்களில் முதலாவதாக வந்தார். பெரும்பகுதி தூரம் முன்னணியில் இருந்த ஜான் டன்பார் இரண்டாமவரானார்; அவருடைய துணைக் குழுவினரிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் பியர் கொடுத்தனர் என்பது இவ்விளையாட்டின் வரலாற்றில் பலமுறை சொல்லப்படும் செய்தி. போட்டியைத் தோற்றுவித்த காலின்ஸும் பங்கேற்றார். அவர் முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 17 மணி!

முடித்த ஒவ்வொருவருக்கும், முதலாமவர் கடைசியாமவர் என்ற வேறுபாடின்றி, கையால் செய்த சிறு உலோக நினைவுப் பரிசு வழங்கப்பட்டது. விதிகளில் வேறெது மாறியிருப்பினும், முடித்தவர் அனைவரும் ஒரே பட்டியலில் இடம்பெறும் இம்மரபு இன்றளவும் மாறவில்லை. அடுத்த ஆண்டே லின் லெமேர் என்னும் பெண்மணி ஆண்களுடன் போட்டியிட்டு ஐந்தாவதாக முடித்தார்.

2. ஆய்வுக்காக ஓடிய மாணவி

1981ஆம் ஆண்டு போட்டி ஹவாயின் பெருந்தீவிலுள்ள கோனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி கலந்துகொண்டார். உடற்பயிற்சியியல் பட்டப்படிப்பிற்கான ஆய்வுக் கட்டுரைக்குத் தகவல் திரட்டுவதே அவருடைய நோக்கம். இத்தொலைவினை அவர் முன்னர்க் கடந்ததில்லை.

பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த அவர், இறுதிக் கோட்டிற்குச் சில மீட்டர் முன்னால் கால்கள் மடங்கி விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். அந்நேரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்றார். ஜூலி மாஸ் எஞ்சிய தூரத்தைத் தவழ்ந்தே சென்று, 29 விநாடிகள் பின்னர்க் கோட்டினைத் தொட்டார். தொலைக்காட்சியில் இதனைக் கண்ட பல்லாயிரம் பேர் அந்த ஆண்டின் வெற்றியாளர் பெயரை மறந்தனர். தவழ்ந்து முடித்தவரை மறக்கவில்லை. சாதாரண மனிதர் பலர் இவ்விளையாட்டிற்கு வரத் தொடங்கியது அதன் பின்னர்தான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், குறுகிய தொலைவு வடிவில், முத்திறன் போட்டி இடம்பெற்றது.

அவருடைய உடலில் நடந்தது என்ன என்பதையும் மாணவர்களுக்கு விளக்கலாம். நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து, கடுமையான உழைப்பில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கே போதுமானது. அதன் பின்னர் வழியில் உண்பதும் பருகுவதுமே உடலைத் தாங்க வேண்டும். உணவும் நீரும் உப்பும் உரிய அளவில் சேராவிடில், மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் கால்கள் கேட்பதில்லை. ஆகவேதான் அனுபவமுள்ளோர் உணவையும் இப்போட்டியின் நான்காவது திறன் என்பர்.

3. பாக்கு நீரிணையில் நம்மவர்

ஹவாயில் விருந்து நடப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, உடலின் எல்லையைக் கடலில் அளந்து பார்த்த தமிழர்கள் உண்டு. இலங்கையின் வட கரைக்கும் தமிழகத்திற்கும் இடையேயுள்ள பாக்கு நீரிணை, வேகமான நீரோட்டமும் சொறிமீன்களும் கடற்பாம்புகளும் உடையது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, 1954ஆம் ஆண்டு இந்நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்தார். கல்கத்தாவைச் சேர்ந்த வழக்கறிஞர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியது அதற்கு 12 ஆண்டுகள் பின்னர், 1966ஆம் ஆண்டில்தான்.

தொண்டைமானாற்றிற்கு அடுத்த ஊர் வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டுவதிலும் செலுத்துவதிலும் பெயர்பெற்ற ஊர் அது. அங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்று சேர்ந்தது. அவ்வூர் மண்ணில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் விவேகானந்தன் செல்வக்குமார் ஆனந்தன். தமிழ் மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் ஆழிக்குமரன் ஆனந்தன்.

ஆனந்தன் பயின்றது அறிவியலும் சட்டமும். நீச்சல் அவருக்குச் சோறு போடும் தொழில் அன்று. 1963ஆம் ஆண்டு, இருபது வயதில், பாக்கு நீரிணையை அவர் முதன்முறையாகக் கடந்தார். அத்துடன் மனம் நிறைவடையவில்லை. 1971ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, கரையைத் தொட்டு, வந்த வழியே நீந்தித் திரும்பினார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி. அவர் தொட்டுத் திரும்பிய தனுஷ்கோடி, 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்து ஆளரவமற்றுக் கிடந்த ஊர் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிலத்திலும் அவர் தம்மைச் சோதித்தார். ஹவாயில் முதல் முத்திறன் போட்டி நடந்து ஓராண்டு கழிந்த நிலையில், 1979ஆம் ஆண்டு மே மாதம், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 187 மணி 28 நிமிடங்கள் தொடர்ந்து மிதிவண்டி ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாள்கள்! 1981ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில், தரையைத் தொடாமல் நீரில் நிமிர்ந்த நிலையில் 80 மணி நேரம் மிதந்தார். கின்னஸ் நூலில் அவர் பெயர் பலமுறை இடம்பெற்றது.

அவரை முத்திறன் வீரர் என்று கூறுதல் பொருந்தாது. அத்தகைய போட்டி அவர் வாழ்ந்த கரையில் அன்று இல்லை. எனினும், முழுநேர வீரராக இல்லாத ஒருவர், வேறெவரையும் தோற்கடிக்கும் நோக்கமின்றி, தூரத்தையும் நேரத்தையும் மட்டுமே எதிராளிகளாகக் கொண்டு உழைத்தார் என்னும் வகையில், காலின்ஸ் தம்பதியரின் மனநிலையும் ஆனந்தனின் மனநிலையும் ஒன்றே எனலாம். ஹவாயினர் கையில் ஒரு போட்டி அமைப்பு இருந்தது; ஆனந்தனிடம் ஒரு கடல் இருந்தது.

4. எல்லை அறிதல்

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆழிக்குமரன் ஆனந்தன் உயிர் நீத்தார். அவருக்கு வயது 41.

பாக்கு நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் தூரத்தில் ஏறத்தாழ ஒத்தவை. இரண்டும் 30 கிலோமீட்டரைச் சற்று ஒட்டியவை. ஆனால், தன்மையில் அவை வேறு. நம் கடல்நீர் வெதுவெதுப்பானது. கால்வாயின் நீர் கோடையிலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். நீர், காற்றினைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கால்வாய் நீச்சலின் மரபுப்படி, குளிர் தடுக்கும் உடை அணிதல் கூடாது. துணைப் படகைத் தொடுதலும் கூடாது. தொட்டால் முயற்சி முடிந்துவிடும். இக்கால்வாயை 1875ஆம் ஆண்டு முதலில் நீந்திக் கடந்த மாத்யூ வெப், எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நயாகரா அருவிக்குக் கீழுள்ள சுழல்களை நீந்த முயன்று மாண்டார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இப்பகுதியை வகுப்பறையில் சொல்லாமல் விட்டுவிடுவோர் உண்டு. சாதனையாளர் கதையைச் சாதனையோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால், 'ஒருபோதும் கைவிடாதே' என்னும் தொடரை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்புவது பாதி உண்மையைக் கொடுப்பதாகும். முத்திறன் போட்டி தன் வரலாற்றின் வழியே மற்றப் பாதியையும் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் நேர வரம்பு உண்டு. அதனைத் தாண்டியவர் நிறுத்தப்படுவார். நீந்துவோர் அருகே மீட்புப் படகுகள் நிற்கும். ஒருவர் தொடரத்தக்க நிலையில் இல்லை என்று மருத்துவர் கருதினால், அவர் எவ்வளவு மன்றாடினாலும் வெளியேற்றப்படுவார். 1978ஆம் ஆண்டு இறங்கிய 15 பேரில் 3 பேர் முடிக்கவில்லை. அவர்கள் வீடு திரும்பினர். அதுவும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆனந்தனின் பெருமை இதனால் குறைவதில்லை. அவர் வாழ்வினை முழுமையாகச் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

5. நம் தீவில்

சிங்கப்பூரில் நெடுந்தொலைவு முத்திறன் போட்டி 2007ஆம் ஆண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், முழுத் தொலைவில் பாதியளவான 113 கிலோமீட்டர் வடிவில் நடைபெற்றது. பின்வந்த சில ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. அதே 2007ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மோக் யிங் ரென் முத்திறன் போட்டியில் தங்கம் வென்றார். மருத்துவம் பயின்றுகொண்டே பயிற்சி செய்தவர் அவர். 2013ஆம் ஆண்டு அதே விளையாட்டுகளில் நெட்டோட்டத் தங்கமும் அவருக்குக் கிட்டியது.

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நம் நாட்டில் முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அவ்விளையாட்டுகளின் வரலாற்றில் வழங்கப்பட்ட முதல் தங்கப் பதக்கம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்த பெண்கள் முத்திறன் போட்டிக்கானது. அதனை வென்றவர் ஜப்பானின் யூக்கா சாத்தோ. 2024ஆம் ஆண்டு மரினா பேயில் நடந்த 100 கிலோமீட்டர் போட்டியில் உலகின் முன்னணி வீரர்களோடு, பிற பணிகளில் உள்ள எளியோரும் அதே தூரத்தைக் கடந்தனர்.

நெடுந்தூர ஓட்டத்தில் நம் தமிழர் ஒருவரின் பெயரையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். முருகையா ரமேஷன் 1995ஆம் ஆண்டு சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 2 மணி 24 நிமிடம் 22 விநாடிகளில் ஓடிய நெட்டோட்டம், 2019ஆம் ஆண்டு வரை தேசிய சாதனையாக நிலைத்தது. அவரும் உடற்கல்வி ஆசிரியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இனிப் பொங்கோல். ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் நிறைந்திருந்த கிராமப் பகுதி இது. 1996ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட நகரத் திட்டத்தின் வழியே புதிய வீடுகள் எழுந்தன. ஆற்று முகத்துவாரங்கள் நீர்த்தேக்கங்களாயின. 2011ஆம் ஆண்டு நீர்வழிப் பூங்கா திறக்கப்பட்டது. மிதிவண்டிப் பாதையும் ஓட்டப் பாதையும் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும் இத்தகைய வட்டாரத்தில், பொழுது புலருமுன் பயிற்சியைத் தொடங்குவது முதன்முறை முயல்வோர்க்கு ஏற்றது. அதற்குக் காரணம் நம் தட்பவெப்பம். காற்றில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் குளிர்வதில்லை. குளிர்நாட்டார்க்குக் கடல் எதிரி என்றால், நமக்கு வெயிலே எதிரி.

6. கடைசியாக வரும் பிள்ளைக்கு நாம் சொல்வது என்ன?

இவ்வரலாற்றினை எழுதப் புகுந்ததற்கு உடற்பயிற்சி ஆர்வம் மட்டும் காரணம் அன்று. 2019ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் மாணவர் அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது குறிக்கப்படுவதில்லை. அறிக்கையிலிருந்து அவ்வெண் நீங்கிவிட்டது. நம் வீட்டுக் கூடத்திலிருந்து நீங்கிவிட்டதா? '90 வாங்கினாயா, நன்று. வேறு யார் யார் 95 வாங்கினார்கள்?' என்னும் கேள்வி இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. தமிழ் வகுப்பிலும் இதன் விளைவு தெரிகிறது. முதலிடம் வராது என்று அறிந்த பிள்ளை, கட்டுரையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. வெல்ல முடியாத இடத்தில் முடிக்க வேண்டிய தேவை என்ன என்று அதற்குப் புரிவதில்லை.

முத்திறன் போட்டி அதற்கு விடையளிக்கிறது. 17 மணி நேரம் எடுத்துக்கொண்டவரும் அதே தூரத்தைத்தான் கடந்தார். உண்மையில் அவர் எட்டு மணி நேரத்தில் முடித்தவரைக் காட்டிலும் இரு மடங்கு நேரம் உடல்வலியைத் தாங்கியவர். பள்ளித் திடலில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வரும் மாணவருக்காக, முன்னரே முடித்தவர்கள் நின்று கைதட்டும் வழக்கத்தை உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் ஏற்படுத்தியுள்ளனர். மொழி வகுப்பிலும் இதனைச் செய்யலாம். ஆண்டு முழுவதும் ஒவ்வொரு கட்டுரையையும் எழுதி முடித்தவர் பெயர்களை, மதிப்பெண் குறிக்காமல், அகர வரிசையில் ஒரே பட்டியலாக வகுப்பறைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள்.

பெற்றோர்க்கு ஒன்று. தமிழகத்தின் குற்றாலீஸ்வரன் 1994ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில் பாக்கு நீரிணையைக் கடந்தார். அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி முடித்தார். இச்செய்தியைக் கேட்டவுடன் நம் பிள்ளையையும் அதே வயதில் அதே உயரத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை எழும். அவருக்கு அருகே பயிற்றுநரும் படகும் குடும்பத்தாரும் இருந்தனர் என்பதை மறத்தல் கூடாது. பிள்ளையிடம் தூரத்தைக் கேட்கும் முன்னர், அதன் அருகே செல்லும் படகாக நாம் இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. படகில் இருப்பவரின் கடமை 'நீந்து, நீந்து' என்று கூவுவது மட்டுமன்று. நீந்துபவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், வேண்டிய நேரத்தில் கைநீட்டுவதும் ஆகும்.

உயர்நிலை மாணவர்க்கு ஒரு கட்டுரைத் தலைப்பினையும் பரிந்துரைக்கிறேன்: 'தொடர்வதும் துணிவு, நிறுத்துவதும் துணிவு'. ஜூலி மாஸையும் ஆழிக்குமரன் ஆனந்தனையும் அருகருகே வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒருவர் தவழ்ந்து கோட்டினைத் தொட்டார். மற்றவர் கரை திரும்பவில்லை. எந்த இடத்தில் தொடர்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மாணவர்கள் தாமே சிந்தித்து எழுதட்டும். ஒரே விடையை எதிர்பார்க்க வேண்டா.

தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அத்தனை பெரிய வினா வேண்டியதில்லை. அடுத்த முறை நீர்வழிப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும்போது, இப்பாதையைப் போல் பத்து மடங்கு தூரத்தை ஒருவர் நீந்தி, மிதிவண்டி ஓட்டி முடித்த பின்னரும் ஓடுகிறார் என்று சொல்லுங்கள். அவர் முதலாவதாக வந்தாரா என்று பிள்ளை கேட்கும். "முடித்தார்" என்று விடை கூறுங்கள்.